ஒரு தட்டு

பதினொரு மாதம் பன்றி ஏற்றுகிற லாரி இது.
ஜூன் கடைசியில் மட்டும் பிள்ளைகள்.
மூன்று முறை கழுவினேன், சோடா போட்டு, பிரஷ் போட்டு.
ஆனாலும் ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு
"எங்களுக்கு முன்னால் பாஸானவர்கள் யார்?" என்றான் ஃப்ரோடே.
சிரித்தார்கள். நானும்.

பக்கவாட்டில் பீச் மரக் கிளைகள்.
பின்னால் ஒரு படுக்கை விரிப்பு;
அதில் எழுதியிருப்பதை என் மனைவியிடம் சொல்ல முடியாது.
வெள்ளைத் தொப்பி, சிவப்புப் பட்டை,
இருபத்துமூன்று தலை. வாய்க்கு வாய் விசில்.

பள்ளிக்கூட வாசலிலேயே சொல்லிவிட்டேன்:
கேபின் கூரையில் ஒரு தட்டு என்றால் நிறுத்துவேன்.
இரண்டு தட்டு, கிளம்புவேன்.
மூன்று என்றால் எவனோ வாந்தி எடுக்கிறான்,
அப்போதும் நிறுத்துவேன்.

டென்மார்க்கில் இது வழக்கம்:
பரீட்சை முடித்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போகவேண்டும்,
ஒவ்வொரு வாசலிலும் ஏதாவது குடிக்கவேண்டும்.
மாரென் கொடுத்த பட்டியலில் இருபத்திரண்டு விலாசம்.
"ஒன்று குறைகிறதே" என்றேன்.
"சரியாகத்தான் இருக்கிறது" என்றாள்,
என் சட்டைப் பித்தானைப் பார்த்து.

நான்காவது வீட்டில் நாய் சாசேஜையெல்லாம் தின்றுவிட்டிருந்தது.
ஒன்பதாவது, டோர்கில் வீடு: தொப்பியோடு குளத்தில் குதித்தார்கள்.
க்ரூவின் அம்மா ஏணி போட்டு ஏறிவந்து
லாரியிலேயே ஆடினாள்,
மகள் முகத்தில் ஈயாடவில்லை.
பதினேழாவது வீட்டைத் தாண்டும்போது மணி ஒன்பது.
எங்கள் ஊரில் அந்த மாதம் சூரியனுக்கும் உறங்கப் பிடிக்காது.

ஃபியோர்டை ஒட்டிய சாலை.
செங்கல் வீடு, கம்பத்தில் கொடி,
சாய்ந்த தபால் பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு மனிதர்.
கடையில் மடித்த மடிப்புக் கலையாத சட்டை.
கையில் ஒரு தட்டு, தட்டு நிறைய பிளாஸ்டிக் தம்ளர்.
எத்தனை நேரமாக நிற்கிறாரோ.

பின்னால் விசில் நின்றது.
முப்பது வருஷம் உயிருள்ளதை ஏற்றி ஓட்டுகிறேன்,
பின்னால் சத்தம் போனால் முதுகு அறியும்.
கண்ணாடியில் பார்த்தேன்.
சிசெல் என்ற பெண், மூலையில், தொப்பியைக் கழற்றி
அதன் உள்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

கூரையில் தட்டு விழவில்லை.

கால் தானாகப் போனது என்று சொல்லமாட்டேன்.
நான்தான் வைத்தேன் பிரேக்கில்.
நாற்பது மீட்டர் தள்ளி நின்றது.
"தார்ப்பாய் அவிழ்ந்திருக்கிறது!" என்று கத்திக்கொண்டு இறங்கினேன்.
அந்த லாரியில் தார்ப்பாயே கிடையாது.
ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை.

அவர் ஓடவில்லை. சிந்திவிடும் என்று
அடிமேல் அடி வைத்து வந்தார்.
நான் டயரை உதைத்துப் பார்த்தேன், நல்ல டயர்.
அவர்களுக்குள் என்ன நடந்தது எனக்குத் தெரியாது,
கேட்கிற உறவுமில்லை.
அவள் இறங்கவில்லை. இறங்கு என்று அவர் அழைக்கவுமில்லை.
ஒரு தம்ளரை மேலே நீட்டினார்.
டோர்கில் வாங்கி, க்ரூவிடம் தந்து, கைமாறிக் கைமாறி
மூலைக்குப் போனது.

குடித்தாள். முழுவதும் இல்லை.
மிச்சம் அதே கைகள் வழியாகத் திரும்பி வந்தது.
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவர்
அதைக் குடித்தார்.
பிறகுதான் ஃப்ரோடே, "எங்களுக்கு?" என்றான்.
ரூபார்ப் சாறு. ஐஸ் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.
எனக்கும் ஒன்று வந்தது.

கேபினில் ஏறி, எஞ்சினைப் போட்டு,
இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தேன்.

ஒன்று விழுந்தது.
மூலையிலிருந்து. மெல்ல.
இன்னொன்றுக்காகக் காத்தேன். வரவில்லை.
நின்றுகொண்டிருக்கிற லாரிக்கு எதற்கு ஒரு தட்டு
என்று யோசித்து

எஞ்சினை அணைத்தேன்.
பதினெட்டாவது வீட்டில் உருளைக்கிழங்கு
ஆறிக்கொண்டிருக்கும்.
ஆறட்டும்.